ஸ்டாம்ப், கவர் நனைக்கும் ஸ்பாஞ்ச் டப்பா: கடலோர ராமநாதபுரத்துக்கான கேள்வி பதில்கள்

கையகல டப்பா, அதற்குள் ஒரு ஸ்பாஞ்ச், கொஞ்சம் தண்ணீர். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை உப்புத் தண்ணீரும் ஈரக் காற்றும் சேர்ந்து இந்தச் சின்னப் பொருளைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. அலுவலகம், சங்கம், கடை, கல்யாண வீடு என்று பல இடங்களிலிருந்தும் வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

கூரியரும் வாட்ஸ்அப்பும் வந்த பிறகு இதற்கு என்ன வேலை?

வேலை குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. மீனவர் சங்க ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். வக்கீல் அலுவலகத்தில் நோட்டீஸ் கவர் மூட வேண்டும். ராமேஸ்வரத்தில் வெளியூர்க்காரர்களுக்குப் பிரசாதக் கவர் அனுப்புகிறார்கள். கல்யாண வீடு என்றால் நூற்றுக்கணக்கில் பத்திரிகைக் கவர். நாளுக்கு இரண்டு கவர் மட்டும் அனுப்பும் இடத்துக்கு இந்த டப்பா தேவையில்லை, ஈரத் துணி ஒன்று போதும். ஐந்துக்கு மேல் போனால் டப்பா வைத்துக்கொள்வது நல்லது.

என்னென்ன வகை கிடைக்கிறது? எதை வாங்குவது?

ஸ்டேஷனரி கடையில் மூன்று வகை பார்க்கலாம்.

முதலாவது, வட்ட ஸ்பாஞ்ச் டப்பா. ஏழு எட்டு சென்டிமீட்டர் அகலம், பிளாஸ்டிக் கிண்ணம், நடுவில் ஸ்பாஞ்ச். டேம்பர் என்று கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். விலை குறைவு, கெட்டுப்போக எதுவும் இல்லை. ஸ்டாம்புக்கு இதுவே சரி.

இரண்டாவது, ரோலர் வகை. சிறிய தொட்டியில் தண்ணீர், அதில் கொஞ்சம் முங்கிச் சுற்றும் உருளை. ஸ்டாம்பையோ கவர் மடிப்பையோ உருளை மேல் ஒரு முறை இழுத்தால் ஒரே சீரான ஈரம் கிடைக்கும். நாளுக்கு முப்பது நாற்பது கவர் போகும் அலுவலகத்துக்கு ஏற்றது. உருளை பீங்கானா, அச்சு பிளாஸ்டிக்கா அல்லது துருப்பிடிக்காத எஃகா என்று பார்த்து வாங்குங்கள். சாதா இரும்பு அச்சு உள்ள ரோலர் பாம்பன், தங்கச்சிமடம் காற்றுக்கு ஒரு மழைக்காலம் தாங்காது. துரு தண்ணீரில் இறங்கிக் கவரெல்லாம் காவி நிறக் கோடு விழும்.

மூன்றாவது, பேனா போன்ற குழாய் வகை. உடலில் தண்ணீர், முனையில் பிரஷ் அல்லது ஸ்பாஞ்ச். கவர் மடிப்பு நீளமாக இருப்பதால் மொத்தமாக ஒட்டும்போது இதற்கு ஈடு கிடையாது. ஆனால் ஸ்டாம்புக்கு இது தோதுப்படாது. சின்னத் தாளில் ஈரம் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும்.

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் வட்ட டப்பாதான்.

டப்பாவில் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்?

ஏழு சென்டிமீட்டர் அகலம், இரண்டு சென்டிமீட்டர் தடிமன் உள்ள செல்லுலோஸ் ஸ்பாஞ்சுக்கு 30 முதல் 35 மில்லி. இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். ஊற்றியதும் ஐந்து நிமிடம் விடுங்கள், ஈரம் அடிவரை இறங்கட்டும். பிறகு விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். விரல் பளபளக்க வேண்டும், சொட்டக் கூடாது. அழுத்தினால் விரலைச் சுற்றித் தண்ணீர் தேங்குகிறதென்றால் அதிகம். டப்பாவைக் கவிழ்த்து ஸ்பாஞ்சை ஒரு முறை பிழிந்துவிடுங்கள்.

இந்த டப்பாவில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை தண்ணீர் கூடிப்போவதால்தான் வருகின்றன. ஸ்டாம்பின் பின்பக்கம் இருப்பது காய்ந்த பசைப் படலம். மிகக் கொஞ்சம் ஈரம் பட்டால் அது ஊதி இளகிப் பிடிக்கும். ஈரம் அதிகமானால் பசை கரைந்து ஸ்பாஞ்சோடு போய்விடும், தாளில் ஒன்றும் மிஞ்சாது. ஒட்டவில்லையே என்று இன்னும் கொஞ்சம் நனைப்பதுதான் எல்லோரும் செய்வது. அதுதான் மிச்சமிருக்கும் பசையையும் எடுத்துவிடுகிறது.

கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் திறந்து வைத்த ஸ்பாஞ்ச் மத்தியானத்துக்குள் வறண்டுவிடும். அப்போது மொத்தமாக ஊற்றாமல், பத்துப் பத்து மில்லியாக இரண்டு மூன்று தடவை ஊற்றுங்கள். வாடைக் காலத்தில் காலையில் ஊற்றியது மாலை வரை நிற்கும். மின்விசிறிக்கு நேர் கீழே டப்பாவை வைக்காதீர்கள்.

எந்தத் தண்ணீர்? போர் தண்ணீர் ஊற்றலாமா?

இந்தக் கரையோரத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. உவர்ப்பான போர் தண்ணீர் வேண்டாம்.

காரணம் இரண்டு. ஒன்று, தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு. ஸ்பாஞ்சின் விளிம்பிலும் ரோலர் அச்சிலும் வெள்ளையாகப் படிந்து சொரசொரப்பாகும். ஸ்டாம்பின் பசையை அது சுரண்டி எடுக்கும். இரண்டாவது, உப்பு. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. தினமும் அதே ஸ்பாஞ்சில் மேலும் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தால் சில வாரங்களில் டப்பாவில் இருப்பது கிட்டத்தட்ட உப்பளத்துப் பாத்தி நீர். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கிறது. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வது அதன் குணம். கவரில் பசையோடு அதுவும் ஒட்டிக்கொள்ளும். வெயில் நாளில் ஒன்றும் தெரியாது. வாடை வந்ததும் ஒட்டிய இடம் நமுத்து, மடிப்பு தானாக வாய் பிளக்கும். கவர் மட்டமான கவர் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். பல நேரம் குற்றம் தண்ணீரில் இருக்கும்.

காவிரிக் கூட்டுக் குடிநீர், ஆர்.ஓ. கேன் தண்ணீர், மழைநீர், மூன்றில் எதுவும் சரி. மழைநீர் பிடிப்பதானால் முதல் மழையை விட்டுவிடுங்கள், மாடியில் படிந்த உப்பும் தூசியும் அதில்தான் வரும். ஏ.சி. வெளியேற்றும் தண்ணீரிலும் உப்பு கிடையாது. துணியில் வடிகட்டி அன்றன்றைக்குப் பயன்படுத்தலாம். தேக்கி வைத்தால் நாறும்.

போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினால் என்ன என்று கேட்பார்கள். கொதிக்கவைத்தால் சுண்ணாம்பில் ஒரு பகுதி பாத்திரத்தில் படியும். உப்பு அப்படியே இருக்கும், தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கரிக்கும்.

சந்தேகமாக இருந்தால் எவர்சில்வர் தட்டில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு வெயிலில் காயவையுங்கள். வெள்ளை வளையம் தடித்து விழுந்தால் அந்தத் தண்ணீர் டப்பாவுக்கு ஆகாது.

ஸ்டாம்ப் ஒட்டும் சரியான முறை என்ன?

முதலில் கை காய்ந்திருக்க வேண்டும். ஸ்டாம்புகளைப் பல்வரிசையில் முன்னும் பின்னும் ஒரு தடவை மடித்துப் பிறகு கிழியுங்கள். நேரடியாக இழுத்தால் மூலை போய்விடும்.

ஓரத்தைப் பிடித்துப் பசைப் பக்கத்தை ஸ்பாஞ்சின் மேல் வையுங்கள். அழுத்த வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். தொட்டு எடுத்தால் போதும், ஒரு விநாடி. எடுத்த கையோடு ஒட்டாதீர்கள். இரண்டு மூன்று விநாடி காற்றில் பிடியுங்கள். பசை வழுவழுப்பிலிருந்து பிசுபிசுப்புக்கு மாறும், அதுதான் பதம். கவரின் வலது மேல் மூலையில், ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வைத்து, காய்ந்த துணியாலோ ஒற்றுத்தாளாலோ நடுவிலிருந்து வெளிப்பக்கம் அழுத்துங்கள். பத்து விநாடி பிடித்தால் போதும்.

நனைந்த பக்கம் விரிவதால் ஸ்டாம்பின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளப் பார்க்கும். அந்தப் பத்து விநாடி அதற்காகத்தான். பிறகு கவரை ஒரு நிமிடம் தனியாக வையுங்கள். உடனே அடுக்கினால் கசிந்த பசை மேல் கவரின் முதுகைப் பிடித்துக்கொள்ளும்.

முகவரியை ஜெல் பேனாவில் எழுதியிருந்தால் ஸ்டாம்ப் ஒட்டிய ஈரக் கையோடு அதைத் தொடாதீர்கள். 623526 என்ற பின்கோடு 623528 ஆவதற்கு ஒரு சொட்டு போதும். பால்பாயின்ட் பேனா மை கரையாது.

ஒட்டும்போது பிடிக்கிறது, காய்ந்ததும் உதிர்கிறது. ஏன்?

உதிர்ந்த ஸ்டாம்பின் பின்பக்கத்தைப் பாருங்கள். பளபளப்பு கொஞ்சம்கூட இல்லை, வெறும் தாள் என்றால் பசை கழுவப்பட்டுவிட்டது. தண்ணீரைக் குறையுங்கள். பசை பளபளவென்று அப்படியே இருக்கிறதென்றால் ஈரம் போதவில்லை, அல்லது அழுத்தவில்லை. பசை இருக்கிறது, ஆனால் அதில் தண்ணீர் திட்டுத் திட்டாகத்தான் நின்றிருக்கிறது என்றால் எண்ணெய்ப் பிசுக்கு. வடை, பஜ்ஜி சாப்பிட்ட கை, மீன் தொட்ட கை, தேங்காய் எண்ணெய் தடவிய கை எதுவானாலும் இப்படித்தான் ஆகும். பசையை விட்டுக் கவரிலேயே எண்ணெய் இருந்தாலும் இதே விளைவுதான்.

இப்படி உதிர்ந்ததை மறுபடி ஸ்பாஞ்சில் வைத்துப் பயனில்லை. கோந்து தடவி ஒட்டுங்கள்.

நாக்கால் தொட்டு ஒட்டினால் என்ன?

ஒன்றிரண்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பல கை பட்ட ஸ்டாம்ப் தாள், கவரின் கூரான விளிம்பு, பசையின் சுவை எதுவும் வாய்க்கு ஏற்றதல்ல. கவர் விளிம்பு நாக்கைக் கீறினால் இரண்டு நாள் காரம் தொட முடியாது. பிரசாதக் கவரை எச்சில்படுத்துவதை யாரும் விரும்ப மாட்டார்கள். ரம்ஜான் நோன்பு நாளில் கீழக்கரைக் கடைகளில் நாக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. தவிர, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்த பசை தடவிய கவராக இருந்தால் அது விஷம். இதைப்பற்றிக் கீழே தனியாக வருகிறது.

கல்யாணப் பத்திரிகை 500 கவர். வேகமாக ஒட்ட வழி?

பத்துப் பன்னிரண்டு கவர்களை எடுத்து, மடிப்பைத் திறந்து, பசைக் கோடு மட்டும் தெரியும்படி மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்றாகச் சற்றே விலக்கி மேசையில் பரப்புங்கள். எல்லாப் பசைக் கோடும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். பேனா வகை பிரஷ்ஷாலோ, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சாலோ மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. திரும்பத் தேய்க்காதீர்கள். கீழே இருக்கும் கவரிலிருந்து ஒவ்வொன்றாக மடித்து, மடிப்பின் மேல் கைமுட்டியை ஓட்டுங்கள்.

பன்னிரண்டுக்கு மேல் பரப்பினால் கடைசிக் கவருக்கு வரும்போது பசை காய்ந்துவிடும், காற்றுக் காலத்தில் எட்டே அதிகம். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் நனைக்க, ஒருவர் மடிக்க, பரப்பும் வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் விடலாம்.

ஒரு கவருக்கு இரண்டு மூன்று துளிக்கு மேல் தேவைப்படாது. அப்படிப் பார்த்தால் 500 கவருக்கு 100 மில்லி தாராளம். அரை லிட்டர் தீர்ந்துபோனால் கவரெல்லாம் நெளிநெளியாக வந்திருக்கும்.

ஒட்டியவற்றை ஐம்பது ஐம்பதாக அடுக்கி மேலே ஒரு கனமான நோட்டை வையுங்கள். கோடையில் பத்து நிமிடம், கார்த்திகை மார்கழியில் அரை மணி நேரம். வளைகுடாவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு மெல்லிய விமானத்தபால் கவர் பயன்படுத்தினால் அவற்றைத் தனியாக, இன்னும் குறைந்த ஈரத்தில் ஒட்டுங்கள். மெல்லிய தாள் உடனே சுருங்கும்.

மஞ்சள் தடவுகிற வேலையைக் கடைசிக்கு வையுங்கள். கவர் ஒட்டிக் காய்ந்த பிறகு நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்தால் ஒழுங்காக இருக்கும். முதலில் மஞ்சள் வைத்துவிட்டு ஒட்டத் தொடங்கினால் ஸ்பாஞ்ச் மஞ்சளாகி, அடுத்த நூறு கவரிலும் அந்தக் கறை ஏறும். கறை பிடித்த ஸ்பாஞ்சைச் சோப்புப் போட்டுக் கழுவினால் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம். மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும், குங்குமம் செய்வதும் அப்படித்தான். அலசிவிட்டு வெயிலில் போடுங்கள், மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும்.

ரெவின்யூ ஸ்டாம்புக்கு ஏதாவது தனி கவனம் வேண்டுமா?

வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் பணம் பெற்றதற்கான ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். ஒட்டிய ஸ்டாம்பை மறுபடி பயன்படுத்த முடியாதபடி ரத்து செய்ய வேண்டும் என்று 1899-ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் கையெழுத்தைப் பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலுமாகக் குறுக்கே போடுகிறோம்.

இங்கேதான் தவறு நடக்கிறது. ஒட்டிய உடனே கையெழுத்து வாங்கினால் ஈரத் தாளில் மை பரவும், பேனா முனை ஸ்டாம்பைக் கிழிக்கும், சில நேரம் ஸ்டாம்பே நகர்ந்து கையெழுத்து கோணலாகும். படகுப் பங்குக் கணக்கு முடிக்கும் நாளில் வரிசையில் ஆள் நிற்கும்போது பொறுமை இருக்காது. அதனால் ரசீதுகளில் முன்கூட்டியே ஸ்டாம்ப் ஒட்டிக் காயவைத்துக்கொள்ளுங்கள். ஒற்றுத்தாளால் அழுத்தி இரண்டு நிமிடம் விட்டால் போதும்.

பணம் எண்ணுகிற டப்பாவையே ஸ்டாம்புக்கும் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். நோட்டிலிருக்கும் அழுக்கும் கை எண்ணெயும் அந்த ஸ்பாஞ்சில் ஏறியிருக்கும், ஸ்டாம்பில் கறுப்புத் தடம் விழும். விரல் நனைக்க விற்கும் ஜெல் டப்பா இன்னும் மோசம். அதில் கிளிசரின் போன்ற காயாத பொருள் இருக்கும், ஸ்டாம்ப் பசையை அது உலரவே விடாது.

ஸ்பாஞ்ச் நாறுகிறது, வழவழக்கிறது. என்ன செய்ய?

ஸ்டாம்பிலிருந்து கரைந்த பசை ஸ்பாஞ்சில் சேர்கிறது. ஈரம், சூடு, பசை மூன்றும் சேர்ந்தால் கிருமிக்கும் பூஞ்சணத்துக்கும் கொண்டாட்டம். தினமும் சாயங்காலம் தண்ணீரைக் கொட்டி, ஸ்பாஞ்சைப் பிழிந்து, திறந்து வைத்துவிட்டுப் போங்கள். ஈரத்தோடு மூடி போட்டு வைப்பதுதான் பூஞ்சணத்துக்கு முதல் காரணம். மூடி, பகலில் தூசியும் கடற்கரை மணலும் விழாமல் இருப்பதற்கு.

வாரம் ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பிசுபிசுப்பு போகும்வரை பிழிந்து பிழிந்து அலசுங்கள். நாற்றம் பிடித்துவிட்டால் ஒரு பங்கு வெள்ளை வினிகர், நான்கு பங்கு தண்ணீர், கால் மணி நேரம். பிறகு நன்றாக அலசி, ஞாயிற்றுக்கிழமை முழு வெயிலில் போடுங்கள். செல்லுலோஸ் ஸ்பாஞ்ச் காய்ந்தால் கட்டைபோல விறைக்கும், அது கெட்டதற்கு அடையாளமல்ல, தண்ணீர் பட்டதும் இளகும். பிளீச்சிங் வேண்டாம், ஸ்பாஞ்ச் துகள் துகளாக உதிரும். கறுப்புப் புள்ளி உள்ளே வரை இறங்கியிருந்தால் கழுவிப் பயனில்லை, புதிது போடுங்கள்.

ரோலர் சுற்ற மறுக்கிறது.

அச்சின் இரண்டு முனையிலும் சுண்ணாம்போ காய்ந்த பசையோ பிடித்திருக்கும். உருளையைக் கழற்றி, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். எண்ணெய் விடாதீர்கள். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தண்ணீர் முழுக்கப் படலமாகப் பரவி, உருளையில் ஈரமே நிற்காமல் செய்துவிடும்.

தண்ணீர் மட்டம் உருளையின் மூன்றில் ஒரு பங்கு முங்கும் அளவுக்கு இருக்கட்டும். அச்சுக்கு மேலே ஏறினால் உருளை தண்ணீரை அள்ளிக்கொண்டு வரும்.

பேனா வகையில் சில சமயம் தண்ணீர் வரவில்லை, சில சமயம் தானாகக் கொட்டுகிறது.

வராமல் இருந்தால் முனையில் பசை இறுகியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் முனையை மட்டும் முக்கி வையுங்கள். காற்றுத் துளை உள்ள மாதிரியாக இருந்தால் அது அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஊசியால் குத்திவிட்டால் தீர்ந்தது.

தானாகக் கொட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் வெயில். பாதி தண்ணீர், பாதி காற்று இருக்கும் குழாயை ஜன்னலோரம் வைத்தால் உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரிந்து தண்ணீரை வெளியே தள்ளும். முழுக்க நிரப்புங்கள், அல்லது வேலை முடிந்ததும் காலி செய்யுங்கள். முனை மேலே பார்த்தபடி நிற்கவையுங்கள்.

நனைக்கவே இல்லை. ஸ்டாம்புகள் பீரோவுக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, கவர்கள் தானாக மூடிக்கொள்கின்றன.

மழைக்காலத்தில் கரையோரம் முழுக்க உள்ள தொல்லை. பசைக்கு டப்பாத் தண்ணீரும் காற்றின் ஈரமும் ஒன்றுதான். ஸ்டாம்புகளைப் பசைப் பக்கமும் படப் பக்கமும் நேராகப் படாதபடி நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, காற்றுப் புகாத டிபன் டப்பாவில் போடுங்கள். கூடவே ஒன்றிரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது ஈரம் குடித்து நிறைந்தது என்று தெரியும். அதற்கென்றே ஒதுக்கிய சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி பயன்படும், சமையல் பாத்திரத்தில் வேண்டாம். அரிசி போட்டு வைப்பது பாதிப் பலன்தான், பூச்சியும் வரும்.

கவர்களுக்கு, மடிப்பைத் திறந்தபடி ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் பசைக் கோடு அடுத்த கவரின் தாளில் படும். அதைவிட மடிப்புக்கு நடுவில் நீளமாக ஒரு பட்டர் பேப்பர் துண்டு செருகி வைப்பது நல்லது. சுவரோடு ஒட்டிய கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். கடலோரக் கட்டடங்களில் சுவரே ஈரம் கக்கும். ஐப்பசி பிறப்பதற்கு முன் அந்த வருஷத்துக்கு வேண்டியதைவிட அதிகமாக ஸ்டாம்ப் வாங்கிக் குவிக்காமல் இருப்பதே மேல்.

ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட ஸ்டாம்புகளைப் பிரிக்க முடியுமா?

முடியும், இதே ஸ்பாஞ்ச் போதும். தண்ணீரில் போட்டால் பிரியும், ஆனால் பசையும் போய்விடும். அதற்குப் பதில் தபால் தலை சேகரிப்பவர்கள் செய்யும் முறை இது. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை வையுங்கள். அதன்மேல் தண்ணீர் படாத உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் வலையோ தேநீர் வடிகட்டியோ. ஒட்டிய ஸ்டாம்புகளை வலை மேல் வைத்து மூடுங்கள். உள்ளே சேரும் ஈரக்காற்று மெதுவாகப் பசையை இளக்கும்.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். வரவில்லையென்றால் மூடி, மேலும் ஒரு மணி நேரம். பலவந்தமாக இழுத்தால் தாள் உரிந்துவிடும். பிரிந்ததும் பசைப் பக்கம் மேலே இருக்கும்படி பட்டர் பேப்பரில் பரப்பிக் காயவைத்து, கடைசியில் ஒரு புத்தகத்துக்குள் வையுங்கள். மூடியில் துளித்துளியாக நீர் கோத்தால் துடைத்துவிடுங்கள், ஸ்டாம்ப் மேல் விழுந்தால் பட்டது வீண். இரவு முழுக்க மறந்து விட்டுவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

இது பயன்படுத்தாத ஸ்டாம்புக்கு மட்டும். முத்திரை விழுந்ததை உரித்து மறுபடி ஒட்டி அனுப்புவது குற்றம்.

கவரை ஒட்டிய பிறகு உள்ளே ஒரு தாளை வைக்க மறந்தது தெரிகிறது.

ஒரு நிமிடத்துக்குள் என்றால் மெதுவாகத் திறக்கலாம். அதற்கு மேல் என்றால் மேலே சொன்ன மூடிய டப்பா முறையில் முயலலாம், ஆனால் முகவரி மை பரவக்கூடும். புதுக் கவர் மலிவு.

வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?

தாராளமாக. ஏழெட்டு சென்டிமீட்டர் அகலம், மூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள பீங்கான் கிண்ணம் எடுங்கள். கனமாக இருப்பதால் பிளாஸ்டிக்கைவிடக் காற்றுக்கு நிற்கும். பாத்திரம் துலக்கும் செல்லுலோஸ் ஸ்பாஞ்சை, பச்சை நார் ஒட்டாத வகையைப் பார்த்து வாங்கி, கிண்ணத்தைவிட மூன்று மில்லிமீட்டர் பெரிதாக வட்டமாக வெட்டுங்கள். அப்போதுதான் இறுக்கமாக உட்காரும், ஸ்டாம்போடு சேர்ந்து மேலே வராது. விளிம்புக்கு மேல் அரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே அமிழ்ந்திருந்தால் ஸ்டாம்பின் ஓரம் கிண்ணத்தில் இடிக்கும்.

புது ஸ்பாஞ்சை மூன்று தண்ணீரில் அலசியே பயன்படுத்துங்கள். மெத்தென்று இருப்பதற்காக அதில் மெக்னீசியம் குளோரைடு போன்ற ஈரம் இழுக்கும் பொருளைச் சேர்ப்பதுண்டு. உப்புத் தண்ணீர் என்ன செய்யுமோ அதையே இதுவும் செய்யும். மெத்தை ஸ்பாஞ்ச், அதாவது பாலியூரித்தேன் நுரை, வெட்ட எளிது, ஆனால் தண்ணீரைப் பிடித்து வைக்காது. தொட்டால் ஊற்றும், விட்டால் உள்ளே போய்விடும்.

கரையில் ஒதுங்கும் கடல்பஞ்சைப் பயன்படுத்தலாமா?

கூடாது. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைக் கொண்டு 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா இங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து உயிரினம் எதையும் எடுக்க அனுமதியில்லை. வேலைக்கும் அது உதவாது. நம் கரையில் ஒதுங்குகிற பல கடல்பஞ்சுகளின் உடலில் கண்ணாடித் தூள் போன்ற நுண்முட்கள் இருக்கின்றன. கையில் ஏறினால் அரிக்கும், ஸ்டாம்பையும் கீறும்.

கவரில் பசையே இல்லை, அல்லது போய்விட்டது. மைதா பசை சரியா?

கோந்து பாட்டில் இருந்தால் அதுவே நல்லது. மெல்லிய கோடாகத் தடவினால் போதும். மைதா பசை மலிவு, நன்றாகப் பிடிக்கும். ஆனால் கரப்பானும் எறும்பும் வாலாட்டிப் பூச்சியும் தேடி வரும், இரண்டே நாளில் புளிக்கும். அதற்காகத்தான் பைண்டிங் கடைகளில் மயில்துத்தம் கலக்கிறார்கள். அது விஷம், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது, அந்தக் கவரை நாக்கால் தொடக் கூடாது. வீட்டுக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குக் காய்ச்சி, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பசை தொட்ட விரலை ஸ்பாஞ்ச் டப்பாவில் துடைக்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள்.

எந்தக் கவருக்கு இந்த டப்பா உதவாது?

தாள் உரித்து ஒட்டும் கவருக்குத் தண்ணீர் எதிரி, தொடவே கூடாது. பிளாஸ்டிக் பூச்சுள்ள கவரில் ஈரப் பசை பிடிக்காது. தாள் ஈரத்தை உறிஞ்சினால்தான் பசை உள்ளே இறங்கி இறுகும், பிளாஸ்டிக்கில் அது மேலேயே நின்று காய்ந்து உரியும். அந்த மாதிரிக் கவரில் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியிருந்தால் முகவரித் தாளின் ஓரங்களை டேப்பால் கவரில் ஒட்டி, அந்தத் தாளில் ஸ்டாம்பை ஒட்டுங்கள். ஸ்டாம்பின் மேல் செல்லோ டேப் போட்டு ஒட்டாதீர்கள். முத்திரை மை டேப்பில் நிற்காது, அஞ்சலகத்தில் திருப்பித் தரக்கூடும். துணி வைத்த கவரில் உட்பக்கம்தான் துணி, வெளியே தாள் என்பதால் ஸ்டாம்ப் வழக்கம்போல ஒட்டும். மடிப்புக்கு மட்டும் கோந்து வேண்டும்.

ஸ்பாஞ்சை எப்போது மாற்றுவது?

அமுக்கி விட்டால் பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை, விளிம்பு கழுவியும் சொரசொரக்கிறது, ஸ்டாம்பில் துகள் ஒட்டுகிறது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். நல்ல தண்ணீரும் வாராந்திரக் கழுவலும் இருந்தால் பல மாதம் ஓடும். போர் தண்ணீர் ஊற்றினால் அதற்கு வெகு முன்பே போய்விடும். டப்பாவை மாற்ற வேண்டியதில்லை, அதே அளவில் புது ஸ்பாஞ்ச் வெட்டிப் போட்டால் முடிந்தது.